உன் சிநேகிதன் பழுது பார்த்த கணினி

சிலாவத்துறை
12.08.2014

அன்பு மகன் ஷிஹாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய ரஹ்மத்தால் நாங்கள் சுகம், வாப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன். போனில் சொன்னால் உன் சிநேகிதனுக்காகக் குறுக்கே பாய்வாய், அதனால்தான் கட்டாருக்கு வருகிற பாத்தும்மாவின் மகனிடம் இதை எழுதிக் கொடுத்து விடுகிறேன். வாசித்து முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.

உன் தங்கச்சி றுஷ்தாவுக்கு நீ மாப்பிள்ளையாகச் சொன்ன இஸ்ஸதீன், மன்னாரில் கணினிக் கடை வைத்திருக்கிற அந்தப் பெரிய மேதை, வந்து போனான். தங்கச்சியின் விண்டோஸ் கணினிக்குள்ளே இன்னொரு கணினி மாதிரி லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவன் நீதானே. அது திடீரென்று சின்னதாகிவிட்டது. விண்டோஸ் திரை நிறைய நிற்கிறது, லினக்ஸ் மட்டும் நடுவில் தீப்பெட்டி மாதிரி, சுற்றிவரக் கறுப்பு. கீழே இருக்கிற பொத்தான்கள் வெட்டுப்பட்டுப் போய், படிப்புக்குச் செய்த வேலையை அனுப்ப வழியில்லாமல் பிள்ளை அழுதாள். இந்த மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் அவளுக்கு ஒரு வருசம் வீண். பெண்ணையும் பார்க்கலாம் கணினியையும் பார்க்கலாம் என்று நீதான் அவனை அனுப்பினாய்.

வந்தான். அத்தர் மணம் வீட்டைத் தூக்கியது. மீள்குடியேற்றத்தில் கிடைத்த வீட்டின் பூசாத சுவரை ஒரு பார்வை பார்த்தான், கதிரையில் உட்கார்ந்தான், கேள்வியெல்லாம் வாப்பாவிடம் கேட்டான். எப்போது இப்படி ஆனது, புதிதாக ஏதும் போட்டீர்களா என்று வாப்பாவிடம்! கடலையும் வலையையும் தவிர வேறொன்றும் தெரியாத மனுசன், அது தன்பாட்டில வந்தது தம்பி என்கிறார். றுஷ்தா கதவடியில் நின்று, லினக்ஸை அப்டேட் பண்ணின பிறகுதான் இப்படி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மரியாதையாக்கும் என்று நானும் மடைச்சி மாதிரி நினைத்தேன். கேபிளைக் கழற்றித் திரும்பப் பூட்டினான், திரையைத் துணியால் துடைத்தான், பிறகு திரை பழுது, புதிது வாங்க வேணும் என்று வாப்பாவிடம் தீர்ப்புச் சொன்னான். திரை பழுதென்றால் விண்டோஸும் சின்னதாகத் தெரிய வேண்டுமே, எனக்கு விளங்கினது அந்த மேதைக்கு விளங்கவில்லை. அதுவும் சரிவராவிட்டால் லினக்ஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமாம். அதற்குள் இருக்கிற பிள்ளையின் இத்தனை மாத உழைப்பு அவனுக்கு ஊத்தை.

அவன் போன பிறகு றுஷ்தாவே இணையத்தில் தேடி வாசித்தாள். அப்டேட்டோடு லினக்ஸின் மையமான கேர்னல் மாறிவிட்டதாம். திரை எவ்வளவு பெரிது என்று லினக்ஸுக்குச் சொல்லுகிற கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற மென்பொருள் பழைய கேர்னலுக்குப் பொருத்தினது, புதியதோடு ஒத்துப்போகவில்லையாம். முதல் தரம் போட்டுப் பார்த்தது சரிவரவில்லை. பிறகு புதிய கேர்னலுக்கான ஹெடர்ஸ் என்கிற கோப்புகளை இறக்கி, கெஸ்ட் அடிஷன்ஸைத் திரும்பப் போட்டு, லினக்ஸை நிறுத்தி எழுப்பினாள். படம் திரை முழுக்க விரிந்தது. உம்மா ஓடி வாங்கோ என்று அவள் கூப்பிட்ட கூப்பாடு பள்ளிவாசல்வரை கேட்டிருக்கும். அன்றைக்கே வேலையை அனுப்பிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ்.

வெள்ளிக்கிழமை அவன் தன் உம்மாவோடு நாள் குறிக்க வந்தான். திரையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சமும் கூசாமல் சொல்கிறான், அண்டைக்கு வந்து நான் செய்ததுதான், பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று. மருதாணி போட்டவன் மாதிரி! அவனுடைய உம்மா மாஷா அல்லாஹ் என்கிறா. றுஷ்தா உள்ளே இருந்து வந்து, நீங்க என்ன செய்தனீங்க என்று மட்டும் கேட்டாள். அவன் வாப்பாவின் பக்கம் திரும்பி, அதெல்லாம் சொன்னா இவங்களுக்கு விளங்காது மாமா என்று சிரித்தான். எதற்கும் தலையாட்டுகிற உன் வாப்பா அன்றைக்கு ஆட்டவில்லை. கேட்டது அவ, தம்பி, அவவுக்குச் சொல்லுங்கோ என்றார். சொல்ல அவனிடம் என்ன இருக்கிறது? வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்கள்.

றுஷ்தா வேண்டாம் என்றுவிட்டாள். தெரியாதது குற்றமில்லை உம்மா, நானும் வாசிச்சுத்தான் அறிஞ்சனான், ஆனா என்ட கண்ணுக்கு முன்னால என்ட வேலையைத் தன்ட எண்டு சொல்றவனோட எப்பிடி வாழுறது என்று கேட்டாள். உன் சிநேகிதனுக்கு நீயே சொல்லிவிடு.

சூடைமீன் கருவாடு கொடுத்துவிட்டிருக்கிறேன், ஒருக்கால் வெயில் காட்டி வை. தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் உழைப்பில் பரக்கத் தருவானாக. இந்தச் சம்மந்தத்தைப் பற்றி வாப்பாவோடு எத்தனை தரம் பேசினாய், றுஷ்தாவிடம் ஒரு தரமாவது கேட்டாயா மகன்? இனி கோல் எடுப்பதென்றால் அவளுடைய போனுக்கு எடு.

இப்படிக்கு,
உன் உம்மா நசீறா