துப்பட்டாவில் தங்கிய வண்டு

நீ பிடித்த வண்டை நம் பேராசிரியர் திருடிவிட்டார்.

இன்று காலை படம் எடுப்பதற்காக அதன் குப்பியைத் திறந்தேன். ஸ்பிரிட் வாசனை ஏறியதும், கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலையிலிருந்து நாம் இறங்கிய சாயங்காலம் நினைவுக்கு வந்தது. பக்கத்தில், அச்சுக்குப் போகவிருக்கும் கட்டுரை கிடந்தது. இது புதிய இனம் என்று உலகத்துக்குச் சொல்லப்போகும் கட்டுரை. கசகசா அளவு உடம்பு, இறக்கை கிடையாது, உணர்கொம்பின் நுனி கரண்டிபோல் அகன்றது, பலாமரத்தடிச் சருகுக்குள் வாழ்வது. எல்லாம் சரி. ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் மட்டும் அவர் பெயர். அந்த மலையில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை.

நாம்தான் ஏறினோம். பகல் முழுக்க மண்டியிட்டுச் சருகைச் சலித்தோம். சல்லடையிலிருந்து விழுந்த பூச்சிகளை ஸ்பிரிட் ஊற்றிய ஜாம் பாட்டிலில் போட்டு, பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன கல்வராயன் மலையிலிருந்து அந்த வாசனையோடு இறங்கினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் நம்மைக் கீழே இறக்கினார்.

“இன்னாம்மா இது, சரக்கா?”

“பூச்சிங்க சார்.”

“பூச்சிக்கு எதுக்கு சாராயம்?”

“குடிக்காது சார், குளிக்கும்” என்றாய்.

பஸ் சன்னல்களெல்லாம் சிரித்தன. அவர் சிரிக்கவில்லை. உன்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். பிறகு எந்தத் தெரு என்றார். என்னிடம் ஊரோடு நிறுத்திக்கொண்டார். நீ குரலைத் தாழ்த்தாமல் தெருவையும் சொன்னாய். உடனே பாட்டிலைத் திறந்து கவிழ்க்கப் போனார்.

“இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? இந்த முனையப் புடி!”

என்னை அதட்டியபடியே துப்பட்டாவை உருவி விரித்தாய். ஸ்பிரிட் ஒழுகிப் போனது. பூச்சிகள் துணியில் தங்கின. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு என்னை மிரட்டினாய்: “தும்முன, கொன்னுடுவேன்.” முன்சீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “பொட்டப் புள்ளைங்களா இது, இன்னா நாத்தம்!” என்றார். நீ குனிந்து சிரித்துக் குலுங்கினாய்.

மறுநாள் லேபில் துணியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாய். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இது வேறடி” என்றாய். அப்படி ஒன்று அதற்குப் பிறகு யாருக்கும் கிடைக்கவில்லை.

கட்டுரையைத் தொடங்குவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாய். திருக்கோவிலூர் பக்கம் உன் அம்மா இன்னும் நடவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். போன் செய்தால் முதலில் கேட்பது இதைத்தான்: “எம் பொண்ணு புடிச்ச பூச்சி இன்னா ஆச்சு கண்ணு? புக்குல வந்துச்சா?”

மத்தியானம் கட்டுரையை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன்.

“செத்துப்போனவங்க பேரைப் போட்டு என்னம்மா ஆவப் போவுது? உன் பேரு இருக்குல்ல, விடு” என்றார்.

குப்பியிலிருந்து வண்டை எடுக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அந்தப் பழக்கம் பஸ்ஸில் நீ மிரட்டியதிலிருந்து வந்தது. அவர் முன்னாலும் அப்படித்தான் நின்றேன். கத்தவில்லை.

“சேகரித்தவர்னு அவ பேரைப் போடுங்க சார். இல்லன்னா என் பேரையும் எடுத்துடுங்க.”

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.