ஆறாம் நம்பர் காம்பராவில் உன் பேர்

அன்பு மகள் வினோதாவுக்கு,

உன் இடுப்பு வலி குறைந்து, வேளைக்குச் சாப்பிட்டு, குவைத்தில் நீ வேலை செய்கிற வீட்டுக்காரங்க முகம் சுளிக்காமல் இருக்க மாரியாத்தாளைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். இங்கே ராகலையில் நானும் உன் தம்பி தர்ஷனும் சுகம், மழைதான் விட்டபாடில்லை, துவைத்த உடுப்பு மூன்று நாளாகக் கொடியிலேயே கிடக்கிறது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதித் தருகிறேன், தர்ஷன் படம் பிடித்து அனுப்புவான்.

தேயிலைத் தோட்டத்துப் பழைய லயத்து வரிசையில் நாலு தலைமுறையாக நாம் இருந்த ஆறாம் நம்பர் காம்பராவை மியூசியம் ஆக்கிவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள், என் வீட்டுக்குள்ளேயே எனக்குச் சட்டம் சொல்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. அடுப்படிச் சுவரில் நீ கரித்துண்டால் போட்ட கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது, மேலே கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள், அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அப்பா செத்து, நானும் மலையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொள்ள, வேலையாள் பட்டியலில் என் பேரை வெட்டிய வருஷம், தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் இல்லாவிட்டால் காம்பராவை விட்டு இறங்கணும் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் நான் ஆபிசுக்கு நொண்டிக்கொண்டு போய் உன் பேரை வேலைக்குப் பதிந்துவிட்டு வந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் பள்ளிக்கூடச் சோதனைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. நீ அழவில்லை, யூனிபோமைத் துவச்சு வச்சிருங்கம்மா, திரும்பப் போகணும்ல என்றாய். துவைத்து வைத்தேன், அதற்குப் பிறகு நீ கேட்கவேயில்லை. அந்தக் காம்பராவை விடக்கூடாது என்றுதான் உன் படிப்பை விட்டேன், இப்போது அதில் ஆள் இல்லை, அஞ்சு மணிக்குப் பூட்டுகிறார்கள்.

அங்கே சுற்றிக் காட்டுகிற நிஷாந்தி என்கிற பிள்ளை, இந்தக் கணக்குப் போட்டவங்க இப்ப என்னா செய்றாங்கம்மா என்று கேட்டது. எம் மக வினோதா, வெளிநாட்டுல டீச்சரா இருக்கா என்று, பொய் என்று தெரிந்தே சொல்லிவிட்டேன். நீ செய்கிற வேலையில் எனக்கு வெட்கமில்லை மகள், நான் செய்ததைத்தான் சொல்ல முடியவில்லை. நேற்று தர்ஷன் போனில் காட்டினான், உன் கணக்குக்குக் கீழே உன் பேரைப் போட்டு, இன்று வெளிநாட்டில் ஆசிரியை என்று பலகை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து சத்தமாக வாசிக்கிறார்களாம்.

இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொள், கனத்தைத் தூக்காதே. ஆத்தா உன்னைக் காப்பாற்றுவாள். நிஷாந்தியிடம் போய் உண்மையைச் சொல்லிப் பலகையை மாற்றச் சொல்லப்போகிறேன். அதில் என்ன எழுதணும் என்று நீ சொல்லு, பேரே வேண்டாம் என்றாலும் சரி. ஒரு தடவை உன்னைக் கேட்காமல் உன் பேரைக் கொடுத்தேன், இந்தத் தடவை கேட்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா வேலாயி