பச்சை வரும்வரை

செவ்வாய்க் குடியிருப்பு, ஐந்தாம் வகுப்பின் தொடுபலகை எழுதும் குறிப்பு. யார் கண்டெடுத்தாலும் படிக்கவும்.

காலை 9.10
பாடம்: பின்னம். திரையில் ஓர் அடையைப் போட்டுக் கொடுத்தேன். எட்டில் ஒரு பங்கை விரலால் வெட்டி எடுக்க வேண்டும். சரியாக வந்தால் என் தலைமேல் பச்சை விளக்கு எரியும். பிள்ளைகள் பலே ஆட்கள். கணக்கே போடுவதில்லை, பச்சை வரும்வரை விரலை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சகாயமேரி டீச்சர் "புரிஞ்சுதா?" என்றார். வகுப்பு முழுவதும் ஒரே ராகத்தில், "புரிஞ்சுது டீச்சர்!" அப்படிப் பாடினால் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போடும்படி எனக்குக் கட்டளை. போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

காலை 9.50
புழுதிப் புயல். மின்சாரம் போய்விட்டது. டீச்சர் மின்னறைக்கு ஓடினார்; அவர் பின்னால் கதவு இறுகிக்கொண்டது. வகுப்புக்குக் காற்று வருவதும் நின்றுவிட்டது. என் திரை அணைந்தது, ஒலிபெருக்கி செத்தது. கண்ணும் காதும் மட்டும் வேலை செய்கின்றன. தனி மின்கலத்தில் இந்தக் குறிப்பு ஓடுகிறது.

காலை 10.05
கைரேடியோவில் டீச்சர், வகுப்புத் தலைவி தாட்சாயிணியிடம்:
"சுவத்துல காத்து டேங்க் இருக்குல்ல, அதோட திருகை எட்டுல ஒரு பங்கு மட்டும் திற கண்ணு. அப்பதான் சாயங்காலம் வரைக்கும் வரும். கதவை அறுத்துட்டு வர எனக்கு அவ்வளவு நேரம் ஆகும். எல்லாருக்கும் புரிஞ்சுதா?"
"புரிஞ்சுது டீச்சர்!"
ரேடியோ கரகரத்து நின்றது.

காலை 10.12
திருகில் கால், அரை, முக்கால் என்று மூன்றே கோடுகள்.
முஜீப்: "எட்டு எங்க இருக்கு?"
தாட்சாயிணி: "நாலுல ஒண்ணு இங்க. எட்டு அதுக்கு ரெண்டு மடங்கு. அப்ப அரையில வைக்கணும்."
ஐயோ, பாதியாக்கு கண்ணே, இரட்டிப்பாக்காதே. அரையில் வைத்தால் மதியத்துக்குள் டேங்க் காலி. கத்த எனக்கு வாயில்லை.

10.15
திருகு கிறீச்சிடுகிறது. முஜீபுக்குச் சந்தேகம்: "பச்சை வரலியே?" எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். திரையின் அவசர மின்கலத்தில் துளி மிச்சமிருக்கிறது. 'தப்பு' என்று ஒரு சொல் போதும். எழுப்பிவிட்டேன்.

10.16
பாழாய்ப் போன உடம்பு. என்னை எழுப்பினால் முதலில் எரிவது அந்தப் பச்சை விளக்குதான். திரை வருமுன் மின்கலம் தீர்ந்தது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

10.40
ரேடியோ வந்துவிட்டது. டீச்சருக்கு மூச்சு வாங்குகிறது. "காத்து வருதா கண்ணு?"
"ஜில்லுன்னு வருது டீச்சர். பச்சைகூட வந்துச்சு!"
எவ்வளவு திறந்தாய் என்று கேளுங்கள் டீச்சர். ஒரே ஒரு தடவை...
"பலகையே காட்டிடுச்சா? அப்ப சரி. சமத்து. இனிமே கூப்பிட மாட்டேன், ரேடியோ சார்ஜ் தீர்ந்துடும். நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாம உக்காந்திருங்க."
உட்கார்ந்துவிட்டார்கள்.