காந்தத்தில் ஒட்டிய ஊசிகள்

செவ்வாய், இரவு.

நாளைக்கு ஆறாம் வகுப்பில் கலவைகளைப் பிரிக்கும் பாடம். மணல், உப்பு, இரும்புத்தூள் மூன்றையும் கலந்து பிரித்துக் காட்ட வேண்டும். காந்தத்தைக் கட்டுகஸ்தோட்டையில் வாங்கினேன். மணலை வீட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் ஒரு வாளி அள்ளி வந்தேன். பின்னேரம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒருமுறை செய்து பார்க்க உட்கார்ந்தேன்.

இரும்புத்தூளை இன்னும் சேர்க்கவில்லை. அதற்குள் காந்தத்தில் ஏதோ ஒட்டியது. குண்டூசிகள். பிறகு ஒரு தையல் ஊசி, காதில் சிவப்பு நூலோடு.

காந்தத்தைக் கீழே வைத்தேன். மண்சரிவில் வீட்டோடு போன தையற்காரி நஸீரா இன்னும் கிடைக்கவில்லை. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே அளவெடுப்பாள். தைக்கக் கொடுத்த என் சிவப்புச் சட்டை அவளிடம்தான் இருந்தது.

அவளுடைய கணவர் ரியாஸ் நானாவுக்குப் போன் செய்தேன். வந்தார். ஊசியைப் பார்த்தார், தொடவில்லை.

"இந்த மண்ண எங்க அள்ளின டீச்சர்?"

"ஓடைக்கரையில, மூங்கிலுக்குக் கீழ."

"நாங்க இவ்வளவு நாளும் மேல, வீடு இருந்த எடத்திலதானே தோண்டினோம்." ஓடைப் பக்கம் பார்த்தார். "விடிஞ்சதும் எடத்தக் காட்டுங்க. அவட ஜனாஸாவயாவது எடுத்து அடக்கோணும்."

அவர் போய்விட்டார். வாளியை என்ன செய்வதென்று தெரியவில்லை. மணலை வெளியே கொட்ட மனம் வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு குசினியில் நிற்கவும் முடியவில்லை. கைக்குக் கிடைத்த துணியை எடுத்து மூடினேன். மூடிய பிறகுதான் கவனித்தேன், அது வெள்ளைத் துணி.