உன் நிறத்திலேயே அடிக்கச் சொல்வேன்

என் வாயாடித் தங்கச்சி செல்விக்கு,

மறுபடியும் உன் பிள்ளையோடு சண்டை. நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. நினைவஞ்சலி பேனர் வைக்கிறான். கோட்டுச்சேரி கடையில் செய்த மாதிரியைப் போனில் காட்டினான். மஞ்சள் புடவை உன்னுடையது. முகம் மட்டும் மாவு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

"இது யாருடா?"

"அம்மாதான் பெரியம்மா. கொஞ்சம் பளிச்சுனு பண்ணிருக்காங்க. எல்லாருக்கும் இப்படித்தான் பண்றாங்க."

"உங்கம்மா கேட்டாளா?"

நீ போன அன்று வைத்த பேனரிலும் இதே வேலைதான். அன்று அழுகையில் பேசாமல் இருந்துவிட்டேன். இந்த முறை விடமாட்டேன்.

அந்தப் புடவை வந்த கதை அவனுக்குத் தெரியுமா? கறுப்புக்கு மஞ்சள் ஆகாது என்று நம் சொந்தங்கள் சொல்லிச் சொல்லியே பாதி வயதைப் பழுப்பிலும் சாம்பலிலும் கழித்தாய். பிறகுதான் உன் போனில் அந்த அமெரிக்கப் பாட்டுக்காரி வந்தாள். நம்மைவிடக் கறுப்பு. பளீர் மஞ்சளில், காலை அகட்டி, மேடையே தன்னுடையது என்பதுபோல் நின்றாள். ஒரு சொல் புரியாமலே நான் எழுந்து உட்கார்ந்தேன்.

நீ என்னையும் இழுத்துக்கொண்டு காரைக்காலுக்கு பஸ் ஏறி அதே மஞ்சளை எடுத்தாய். விழிதியூர் கல்யாணத்தில் அத்தை விட்டாளா? "கரண்டு போச்சுன்னா பொடவ மட்டுந்தான்டி தெரியும்!"

"அணைச்சுத்தான் பாருங்களேன் அத்தை. அப்பவும் என்னையத்தான் பாப்பீங்க."

அந்தப் பாட்டுக்காரியையும் அவள் இனத்தாரே விடவில்லை. முடியைப் பொன்னிறமாக்கி வெள்ளைக்காரர்களிடம் விலைபோய்விட்டாள் என்று எழுதியதை நீதான் படித்துச் சொன்னாய். உன் பழைய பாடப் புத்தகங்களைப் பார்த்துத் தமிழ் எழுத்தை மட்டும் தானாகக் கற்றவள் நான். இங்கிலீஷ் எனக்கு எட்டவில்லை. அந்தப் பொன்முடி எனக்கும் உறுத்தியது. அவர்கள் கோபத்தில் ஏதோ பழைய காயம் இருக்கிறது என்றும் தோன்றியது. நீ ஒரே போடாகப் போட்டாய்: "முடி அவளோடது, பாட்டும் அவளோடது. இவங்களைக் கேட்டுட்டா சாயம் போடுவா?"

இப்போதும் போனில் அவளைப் பார்க்கிறேன். இன்னும் ஏசுகிறார்களாம். இன்னும் பாடுகிறாள்.

ஒன்றுதான் என்னைப் படுக்கவிடாமல் அரிக்கிறது. நீயே உயிரோடிருந்து, கொஞ்சம் வெளுப்பாகப் போடச் சொல்லியிருந்தால்? வாயை மூடிக்கொண்டிருப்பேன். உன் முகம், உன் இஷ்டம். ஆனால் நீ சொல்லவில்லையே. அவள் முடியில் சாயம் பூசியது அவள் விருப்பம். உன் முகத்தில் பூசியது யார் விருப்பம்?

நாளை நானே அந்தக் கடைக்குப் போகிறேன். உன் நிறம் வரும்வரை கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். இருட்டாகத் தெரியும் என்று சொன்னால், கடை விளக்கை அணைத்துப் பார்க்கச் சொல்வேன்.

அந்த மஞ்சளுக்காக உன்னோடு கடை கடையாய் ஏறி இறங்கிய
உன் அக்கா