முதலில் ஈசிஜி, பிறகு நீச்சல்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீ நலமா என்று எழுதிப் பழகிய கை இன்று 'நலம்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. போனில் சொன்னால் 'சரிம்மா, பாக்கறேன்' என்று கழற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம், கடைசி வரி வரை படி.

பெரியம்மா மகள், நம் வாயாடி, கல்லூரி மைதானத்தில் பந்து ஆடிக்கொண்டிருந்தவள் பேச்சுமூச்சில்லாமல் விழுந்துவிட்டாள். பதறாதே, பிழைத்துவிட்டாள். பயிற்சி ஆசிரியை ஓடிவந்து நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க, சுவரில் மாட்டியிருந்த ஷாக் கொடுக்கும் பெட்டியைக் கொண்டுவந்து இதயத்தை ஓடவைத்திருக்கிறார்கள். கண் விழித்ததும் யார் ஜெயித்தது என்று கேட்டாளாம். இதயத்தை அடிக்க வைக்கும் மின்சாரத்திலேயே கோளாறாம், ஆளைப் பார்த்தால் தெரியாதாம், ரத்த உறவில் வருமாம். குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று யாராவது இறந்திருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். பெரியம்மாவும் நானும் ஒரே குரலில் இல்லை என்றோம். அந்த டாக்டரம்மா விடவில்லை. "மாரடைப்பு மட்டும் இல்லைங்க. தண்ணில மூழ்கினாங்க, வண்டியோட விழுந்தாங்க, வலிப்புன்னு சொன்னாங்க, அப்படி யாராவது?" என்றார். பெரியம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உன் சின்ன மாமா, எங்கள் தம்பி. தண்ணீரில் போய்விட்டான் என்றே இத்தனை வருடம் சொல்லிவந்தோம். நீச்சலில் கோப்பை வாங்கியவன் இடுப்பளவு தண்ணீரில் எப்படி மூழ்குவான் என்று நம் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உடனே எங்கள் எல்லோருக்கும் ஈசிஜி எடுத்தார்கள். பெரியம்மாவுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதே. தையல் கடைக்கு நான் தனியாகப் போவதைக்கூட உன் அப்பா விடுவதில்லை, என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறார், கல்யாணமான புதிதில்கூட இப்படி வந்ததில்லை. சிரிப்பு வருகிறது, அடுத்த நிமிடம் உன் முகம் கண்முன் வந்து நிற்கிறது. நீச்சல் குளத்தில் சேர்ந்திருக்கிறேன், நாலு சுற்று நீந்தினதும் தலை கிர்ரென்று வந்து கண் இருட்டிவிட்டது என்று நீ சொன்னபோது, வெறும் வயிற்றோடு போகாதே என்றேன். இப்போது சொல்கிறேன், போகவே போகாதே. ஓடவும் வேண்டாம். நாளைக்கே இதய டாக்டரிடம் போ. மாமா மூழ்கிவிட்டார் என்று சொல்லாதே, நன்றாக நீந்தத் தெரிந்தவர் தண்ணீரில் திடீரென்று இறந்தார் என்று சொல், அம்மாவுக்கும் இருக்கிறது என்று சொல், கண் இருட்டியதையும் மறைக்காதே. இந்த வயதில் எதற்கு ஈசிஜி என்று யாராவது சிரித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. கோளாறு தெரிந்துவிட்டால் வைத்தியம் உண்டாம். தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் கொண்டுபோகிறதாம்.

மூக்கும் முன்கோபமும் அப்படியே என்னை உரித்து வைத்த பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். இந்த ஒன்றில் மட்டும் நீ முழுக்க உன் அப்பா பிள்ளையாக இருக்க வேண்டும்.

நூறு வயது நன்றாக இருப்பாயப்பா. ஈசிஜி எடுத்த கையோடு போன் செய், அதுவரை குளத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே.

பயத்தோடும் ஆசியோடும்,
உன் அம்மா