தண்ணீரில் மூழ்கிய லைஃப் ஜாக்கெட்

லேக் கார்டன்ஸ்,
கொல்கத்தா.
ஏப்ரல் 6

அன்புள்ள தீபக்குக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் வருகிறது போகிறது. நீயும் சாதனாவும் குழந்தை அனன்யாவும் கனடாக் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவிவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி ரசப்பொடிப் பார்சலோடு அனுப்புகிறேன்.

பழைய மோட்டார் படகு ஒன்று வாங்கியிருக்கிறாய், மே மாதம் குழந்தையோடு ஏரியில் போகப்போகிறாய் என்றாய். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாம் படகோடயே வந்துடுச்சும்மா, மூணு பேருக்கும் இருக்கு" என்றாய். மறுநாள் சாதனா அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அனன்யா போட்டிருப்பது பெரியவர்கள் போடுவது. காதுவரை ஏறி நிற்கிறது, இடுப்பில் பிளாஸ்டிக் கயிறு சுற்றியிருக்கிறது. கொக்கி உடைந்துவிட்டதா? அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? துறைமுகக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் வந்த சரக்கையெல்லாம் பிரித்துச் சோதித்தவள் நான், எல்லாம் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் எனக்குச் சந்தேகமே வரும்.

இங்கே பிப்ரவரியில் நடந்ததைக் கேள். எங்கள் குடியிருப்பில் நாற்பது பேர், ஹவுராப் பக்கத்துத் துறையிலிருந்து லாஞ்ச் என்கிற பெரிய மோட்டார் படகு பிடித்து பிக்னிக் போக ஏற்பாடு. போவதற்கு முதல் நாள் செக்ரட்டரி நரேன்தா உறை பிரிக்காத ஆரஞ்சு ஜாக்கெட்டுகளை ஹாலில் அடுக்கினார், லாஞ்ச்காரர் கொடுத்தனுப்பியவை என்றுதான் நினைத்தேன். கையில் எடுத்தால் தையல் பல்லிளிக்கிறது. ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து, அப்பாவின் இரும்பு டம்பெல்லைக் கட்டி, குளியலறை டிரம்மில் போட்டேன். மிதந்தது. "உனக்குச் சந்தேகத்தைத் தொட்டுக்காம சோறு இறங்காதே வசந்தி" என்று அப்பா சிரித்தார். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் டிரம்மின் அடியில் கிடக்கிறது. கத்தரியால் கிழித்தேன், உள்ளே முழுக்க மெத்தை ஸ்பாஞ்சுத் துண்டுகள், தண்ணீரைக் குடித்து ஊறிப்போய். அப்புறம் அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் துறையில் லாஞ்ச் ஓட்டும் உத்தமைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கிழித்த ஜாக்கெட்டை அவர் காலடியில் எறிந்து, நாற்பது பேர் முன்னால், நீ திருடன், எங்களைக் கொல்லப் பார்க்கிறாய் என்று வங்காளத்தில் கத்தினேன். அந்த மனிதர் உள்ளே போய்ச் சாயம் போன ஒரு ஜாக்கெட்டை எடுத்துவந்து, மாட்டிக் கொக்கியெல்லாம் போட்டு, துறையிலிருந்து அப்படியே கங்கையில் குதித்துவிட்டார். தலை மேலே, முகம் வானத்தைப் பார்க்க, தக்கை மாதிரி மிதந்தார். ஏறி வந்து சொட்டச் சொட்ட நின்று சொன்னார், "மாஷிமா, எங்கிட்ட இருபதுதான் இருக்கு, ஒரு தடவைக்கு இருபது பேரைத்தான் ஏத்துவேன்னு உங்க செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டேன். இதெல்லாம் அவர் வாங்கினது. நீங்க ஜாக்கெட்டைச் சோதிச்சீங்க, என்னைச் சோதிக்கலை." நரேன்தா ஆற்றைப் பார்த்துக்கொண்டே, போலீஸ் கேட்டால் காட்டத்தானே வாங்கினேன் என்று முணுமுணுத்தார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அதே நாற்பது பேர் முன்னால் உத்தமிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். புது ஜாக்கெட்டுகளை ஓரங்கட்டிவிட்டு இரண்டு நடையாகப் போனோம்.

அதனால் உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை கண்ணா, பொருளைத்தான் நம்பமாட்டேன் என்கிறேன். அனன்யாவின் எடைக்குத் தகுந்த ஜாக்கெட் புதிதாக வாங்கு, கால் இடுக்கில் வார் போடும் மாதிரி இருக்கட்டும், இல்லாவிட்டால் குழந்தை கீழே நழுவிவிடுவாள். நீங்கள் இருவரும் இடுப்பளவுத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், ஆனால் மே மாதத்திலும் அந்த ஏரித் தண்ணீர் பனி மாதிரி சில்லென்றுதான் இருக்குமாம், விழுந்தால் கை விறைத்துவிடும் என்கிறார்கள், இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் போனால் என்ன? விசில் வேண்டும், கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், படகில் பீர் கூடாது. பீர் இல்லை என்று எழுதாதே, படத்தில் உன் பின்னால் இருக்கும் நீல ஐஸ் பெட்டியையும் பெரிதாக்கிப் பார்த்தேன். படம் அனுப்பினாள் என்று சாதனாவைக் கடிந்துகொள்ளாதே.

இன்னொன்று, அப்பாவுக்கே முந்தாநாள்தான் சொன்னேன். ரவீந்திர சரோவர் ஏரியில் பெண்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அறுபத்துமூன்று வயதில் மூக்கில் தண்ணீர் ஏறி முதல் நாள் அழுதேவிட்டேன், நேற்று பத்து எண்ணும்வரை மல்லாந்து மிதந்தேன். ஆகஸ்டில் நாங்கள் அங்கே வரும்போது படகில் அனன்யா பக்கத்தில் நான்தான் உட்காருவேன்.

போகும் இடமெல்லாம் தெய்வம் உங்களுக்கு முன்னால் போகட்டும், மூவரும் நூறு வயது இருங்கள். குழந்தைக்குப் புது ஜாக்கெட் மாட்டி, எல்லாக் கொக்கியும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்ப மறக்காதே.

உன் அம்மா,
வசந்தி கோவிந்தராஜன்